மிதித்து ஓட்டிய விண்கப்பல்

"மிதியடா, படம் சுருங்குது!"

அக்கா திரும்பிப் பார்க்காமலேயே கத்தினாள். உழவு இயந்திரக் கொட்டிலின் அரையிருட்டில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளை ரிவி. அதன் படம் நான்கு பக்கமும் உள்ளே இழுபட்டு, ஒரு வெற்றிலை அளவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வெற்றிலைக்குள் பூச்சிகள் வரிசை கட்டி இறங்கின. கீழே ஒரு சின்னக் கப்பல் இடமும் வலமும் ஓடி ஓடி அவற்றைச் சுட்டது.

ரிவிக்குப் பின்னால் நிறுத்திய சைக்கிளில் நான் இருந்தேன். பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்டாண்டில் நின்றது. சில்லைச் சுற்றி ரியூப்பில் வெட்டிய பட்டி. பட்டியின் மறுபக்கம் உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய டைனமோ. நான் மிதித்தால் கறண்ட். நான் களைத்தால் இருட்டு.

கொட்டில் வாசலை அடைத்துக்கொண்டு அயலட்டைச் சனம் நின்றது. வெளியே வட்டக்கச்சி வெயில். உள்ளே மண்ணெண்ணெய் மணமும் வியர்வை மணமும். என் தொடைகள் இரண்டும் நெருப்பாய் எரிந்தன.

"மிதிக்கிறன்தானே!"

"உது மிதியில்லை, தடவுறது!"

சனம் சிரித்தது. நான் மிதித்தேன்.

அந்தப் பின்னேரம் நடந்ததை வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெருமை பேசத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுதச் சொன்னால் இந்தக் கதை எனக்கு எழுத வராது.

கொழும்பில் ஓர் ஆளுயரப் பெட்டி

அந்தப் பூச்சி விளையாட்டை நாங்கள் முதலில் கண்டது கொழும்பில். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்கு முந்திய காலம். எங்கள் சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர். கரைக்கு வந்த ஒரு விடுமுறையில் என்னையும் ஜெசி அக்காவையும் முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம்.

கடற்கரை வீதியில் ஒரு கடை. உள்ளே அலுமாரிகளை நிரைக்கு நிறுத்தியதுபோல விளையாட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு திரை, திரைக்குக் கீழே ஒரு கைபிடி, பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அக்காவுக்கு உயரம் காணவில்லை. கடைக்காரர் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அவளை ஏற்றிவிட்டார்.

அந்தத் திரை நெடியது. கறுப்பு வானத்தின் உச்சியிலிருந்து பூச்சிகள் மாலை கோத்ததுபோல வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே தங்கள் தங்கள் இடத்தில் நிற்கும். நீலம், மஞ்சள், சிவப்பு. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து எங்கள் தலைக்கு மேலே பாயும்.

மேல் வரிசையில் நிற்கும் பெரிய பூச்சியைத் தாய்ப்பூச்சி என்று நாங்கள் பெயர் வைத்தோம். அது பாதி வழி இறங்கி நின்று, வீச்சுவலையை விரித்ததுபோல ஒரு வெளிச்சத்தை விரிக்கும். வெளிச்சத்துக்குள் அகப்பட்ட கப்பலைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். எங்களுடைய அடுத்த கப்பலால் தாயை மட்டும் சுட்டு விழுத்தினால், பிடிபட்ட கப்பல் இறங்கி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரட்டைக் கப்பல், இரட்டைச் சூடு. குறி பிசகிப் பிடிபட்ட கப்பலையே சுட்டுவிட்டால் அது போனதுதான்.

நான் அந்த வலையைக் கண்டாலே ஓடுவேன். அக்கா தன் கப்பலை நேரே அதற்குள் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஐயோ, பிடிச்சிட்டுது!" என்றேன்.

"நான்தான் குடுத்தனான். பேசாமல் பார்," என்றாள்.

சித்தப்பாவின் சிகரெட் விரலைச் சுடும்வரை எரிந்தது. பக்கத்துப் பெட்டிகளில் விளையாடிய பெடியங்கள் தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சோடாப் பெட்டியில் நின்ற என் அக்காவின் இரட்டைப் பின்னல்தான் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அது அசையவே இல்லை. இரண்டு கையும் மட்டும்தான் அசைந்தன.

சித்தப்பாவின் கசற்

அடுத்த முறை வந்தபோது சித்தப்பா அக்காவுக்கென்று ஒரு ரிவி கேம் கொண்டுவந்தார். ரிவியில் கொழுவி விளையாடும் சிறிய பெட்டி. அதற்குள் செருகும் மஞ்சள் கசற்றில் எங்கள் பூச்சிகள் இருந்தன.

இரண்டும் ஒன்றுதான் என்று சித்தப்பா சொன்னார். அக்கா முதல் ஆட்டத்திலேயே இல்லை என்றாள். அவள் சொன்னது சரி. கொழும்புப் பெட்டியின் திரை நெடியது, வீட்டு ரிவி அகலமானது. அதனால் வானம் குள்ளமாகிவிட்டது. பூச்சிகள் சுழன்று வர இடமில்லாமல் நேரே தலையில் வந்து இறங்கின. எடுத்த புள்ளிகளைக் காட்டும் எண்களை வலப்பக்க ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். கொழும்பில் நெஞ்சுக்குள் இடித்த சத்தம் இதில் தகர டப்பாவில் மழை பெய்ததுபோல் கேட்டது.

ஆனாலும் வீட்டுப் பெட்டிக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. பின்னால் யாரும் வரிசையில் நின்று, முடிஞ்சுதோ முடிஞ்சுதோ என்று கேட்பதில்லை. அயல்வீட்டு ரிவியில் கொழுவிச் சில கிழமைகள் ஆசைதீர விளையாடினோம்.

பிறகு சண்டை தொடங்கியது. கறண்ட் போனது. வரும் வரும் என்று பார்த்தோம். வரவேயில்லை. வன்னியில் ஒரு தலைமுறை கறண்டைப் பாடப் புத்தகத்தில் படித்து வளர்ந்தது.

ரிவி கேம் ஒரு ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் நான் அதைப் பழைய சேர்ட்டில் சுற்றித் தூக்கினேன். ஒவ்வொரு முறையும் அம்மா ஏசினார்.

"சட்டி பானையை விட்டிட்டு உதைக் காவுறியோ? உதில கஞ்சி காய்ச்சலாமோ?"

விரல்கள்

அப்பா நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு அம்மா கரைவலை இழுக்கும் கயிற்றில் ஆம்பிளைகளோடு நின்று இழுத்து எங்களை வளர்த்தார். அக்கா வளர்ந்ததும் தையல் பழகினாள். எங்கள் கரையில் தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கிற பெண்பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதிக்குமேல் அவள் தைத்தவை.

கடற்கரையில் நாங்கள் இருந்த கடைசிக் காலத்தில் விழுந்த ஒரு ஷெல்லின் சன்னம், சின்ன இரும்புச் சிதறல், அவளுடைய வலது முன்கையில் ஏறியது. காயம் ஆறியது. விரல்கள் மடங்க மறுத்தன.

காயத்துக்கு மருந்து கட்டிய டொக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "நோகத்தான் செய்யும், பிள்ளை. நோகுதெண்டு விட்டால் விரல் விறைச்சுப் போகும். வேலை குடுத்துக்கொண்டே இருக்கவேணும்," என்றார்.

அக்கா பந்தை இரண்டொரு நாள் அமுக்கினாள். அடுத்த இடப்பெயர்வில் அது எங்கோ விழுந்தது. விழுந்ததா, விட்டாளா என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு வலது கையை மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. யாராவது தையலைப் பற்றிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவாள்.

பல இடம் அலைந்து, கிளிநொச்சிப் பக்கம் சனம் திரும்பிக் குடியேறத் தொடங்கிய காலத்தில் வட்டக்கச்சிக்கு வந்தோம். கனகலிங்கம் மாமா தன் வளவில் ஒரு பக்கம் எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டக் காணியில் நெல் விதைத்தவர். அவருக்கும் எங்களுக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் வேதக்காரர், அவர்கள் சைவம். மாமா என்று கூப்பிட்டது சும்மா மரியாதைக்குத்தான். பிறகு அது உண்மையாகிவிட்டது. அவருடைய மகன் ரகு இன்று எனக்கு அத்தான். அப்போது வெறும் ரகு.

மஞ்சள் வெளிச்சம்

ட்ரங்குப் பெட்டியை வெயிலில் காயவைத்த ஒரு நாள் ரகு அதைக் கண்டான்.

"உது என்னடா?"

சொன்னேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கறண்ட் இல்லாமல் இது வேலை செய்யாது என்றேன்.

"எவ்வளவு கறண்ட்?"

"கொஞ்சம்தான். ரிவிக்குத்தான் கூட வேணும்."

"எங்கட ரிவி கார்ப் பற்றறியில ஓடுற ரிவி," என்று அவன் சொன்னபோது அவனுடைய கண் ஏற்கெனவே கொட்டிலில் நின்ற உழவு இயந்திரத்தில் இருந்தது. டீசல் இல்லாமல் அது தூசி பிடித்துக் கிடந்தது. அதன் டைனமோவுக்கும் வேலை இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். முதல் பட்டி வழுக்கியது, இரண்டாவது அறுந்தது. மூன்றாவது நின்றது. இடையில் ஒரு செத்த பற்றறியையும் இணைத்தோம். அது கறண்டைத் தேக்கி வைக்கும் நிலையில் இல்லை. ஆனாலும் ஒருவன் இறங்கி மற்றவன் ஏறுகிற இடைவெளியைத் தாங்கிக்கொண்டது.

சைக்கிள் ஹாண்டிலில் ஒரு கார் பல்பைக் கட்டினோம். அதுதான் எங்கள் அளவுகோல். பல்பு மஞ்சளாக எரிந்தால் எல்லாம் சரி. சிவந்தால் படம் சுருங்கும். வெள்ளையாகப் போனால் ரிவி எரிந்துவிடும், கனகலிங்கம் மாமா எங்களை எரித்துவிடுவார்.

முதல் முறை அந்தப் பூச்சிகள் திரையில் வந்தபோது நான் வாய்விட்டுக் கத்தினேன். நிறமில்லை. நீலமும் மஞ்சளும் சிவப்பும் எல்லாம் சாம்பல். ஆனால் அதே மாலை, அதே சுற்று. ரகு மிதித்தான். நான் விளையாடினேன். தாய்ப்பூச்சி என் கப்பலைத் தூக்கிப்போனது. நான் தாயைக் குறிவைத்துச் சுட்டேன். சூடு பிசகிப் பிடிபட்ட கப்பலில் பட்டது.

"கப்பலைச் சுட்டுப்போட்டியேடா, மொக்கா!"

வாசலில் அக்கா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. உள்ளே வந்து என் கையிலிருந்ததைப் பறித்தாள். சாக்கின்மேல் குந்தி, அதை மடியில் வைத்து, இடது பெருவிரலைத் திசைப் பொத்தானில் வைத்தாள். சுடும் பொத்தான் வலப்பக்கம். வலது கையைத் தூக்கி, விரல்களைப் பாவிக்காமல், கையின் ஓரத்தால் அதைக் குத்தினாள்.

கெதியாகத் தோற்றாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"இன்னொருக்கா," என்றாள்.

ரகு மிதித்தான்.

அன்று தொடங்கியது. கையின் ஓரத்திலிருந்து விரல் மூட்டுக்கு, மூட்டிலிருந்து சுட்டுவிரலுக்கு வரப் பல கிழமைகள் போயின. இரட்டைக் கப்பல் எடுத்தால் கெதியாகச் சுடவேண்டும். கெதியாகச் சுடப் பெருவிரல் வேண்டும். பெருவிரலை வளைக்க முயன்ற நாட்களில் அவளுடைய கண்ணில் தண்ணீர் வந்ததைக் கண்டிருக்கிறேன். ஆனால் பார்வையைத் திரையிலிருந்து எடுக்கமாட்டாள்.

அம்மாவின் கேள்வி

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் கேட்டார்.

"வானத்திலயிருந்து வாறதுக்குப் பயந்து ஓடினது காணாதோ? இப்ப கறண்ட் எடுத்து, அதைக் கூப்பிட்டு வைச்சு விளையாடுறியளோ?"

அதே மாதத்தில்தான் விமானச் சத்தம் கேட்டு இரண்டு முறை பங்கருக்குள் இறங்கியிருந்தோம். அம்மா கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை.

அக்காதான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "உண்மையில வந்தால் ஓடத்தான் ஏலும், அம்மா. இதில நிண்டு பாக்கலாம்."

அதற்குப் பிறகும் அம்மா கொட்டில் பக்கம் வரவே இல்லை. அந்தச் சனியன் என்றுதான் பெட்டிக்கு அவர் வைத்த பெயர்.

ஒரு முறை அக்கா நன்றாக விளையாடிக்கொண்டிருந்தபோது உண்மையான சத்தம் கேட்டது. எல்லோரும் பங்கருக்கு ஓடினோம். குண்டு எங்கோ தள்ளித்தான் விழுந்தது. திரும்பி வந்தபோது ரிவி இருண்டு கிடந்தது. எடுத்த எண்ணெல்லாம் போய்விட்டது. ரகு வானத்தைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்து வந்தால் என்ன?" என்று உண்மையான கோபத்தோடு கேட்டான். பங்கர் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்ற சனம் எல்லாம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் சத்தம் வைத்துச் சிரித்து நான் கேட்டது நெடுங்காலத்துக்குப் பிறகு.

அதற்குச் சில நாள் கழித்து, குசினியில் அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பாதித் தேங்காயைத் திருவலையில் வைத்து அழுத்திப் பிடித்தது வலது கை. ஐந்து விரலும் சிரட்டையைச் சுற்றி மடங்கியிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை. அம்மா அடுப்படியில் அகப்பையோடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணால் சொன்னார்.

அன்று முதல் அது சனியன் இல்லை. "உங்கட பெட்டி" ஆகிவிட்டது.

நிரம்பினால் என்ன வரும்?

திரையின் ஓரத்தில் எண்ணுக்கு ஆறு இடம் இருந்தது. அக்காவின் எண் கூடக் கூட, ஆறு இடமும் ஒன்பதால் நிரம்பினால் என்ன வரும் என்ற கேள்வி வட்டக்கச்சியில் எழுந்தது. வேலை வெட்டி இல்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள். வயலில், கிணற்றடியில், நிவாரணம் கொடுக்கும் சங்கக்கடை வரிசையில் எல்லாம் அதைக் கதைத்தார்கள்.

"வாழ்த்து வரும்," என்றார் ஒருவர்.

"பெட்டி வெடிக்கும்," என்றார் இன்னொருவர்.

கனகலிங்கம் மாமா யோசித்து, "ஏழாவது இடம் ஒண்டு முளைக்கும்," என்றார்.

அக்காவைக் கேட்டால், "போய்ப் பாத்தால்தானே தெரியும்," என்பாள்.

அங்கேதான் சிக்கல். அவளுடைய கை தாங்கும், கப்பல் தாங்கும். எங்கள் கால்கள் தாங்கவில்லை. ஒரு பெரிய பூசை முடிகிற நேரத்துக்கும் கூடவாக நிறுத்தாமல் மிதித்தால்தான் அந்த எண்ணுக்குக் கிட்டவாவது போகலாம். ஒருவன் விட்டாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பல நாள் முயன்றோம். பல நாளும் பாதியில் இருண்டது.

ஒரு நாள் மாமா வந்து சொன்னார். "உழவுக்கு டீசல் கிடைச்சிட்டுது. விடியவே டைனமோவை மெசினில திருப்பிப் பூட்டவேணும், தம்பியவை."

அவருக்கும் அது கவலைதான். ஆனால் விதைப்புக் காலம். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பின்னேரம் கொட்டில் வாசலில் அவ்வளவு சனம்.

அயலில் இருந்த இளந்தாரிகள் எல்லாம் முறை வைத்து ஏறினார்கள். ஒருவன் இறங்க, மற்றவன் சில்லு ஓயுமுன் ஏறுவான். அந்தச் செத்த பற்றறி ஒவ்வொரு முறையும் முனகி முனகித் தாங்கியது. அக்கா தொடக்கத்திலேயே கப்பலை வலைக்குக் கொடுத்து இரட்டையாக எடுத்துவிட்டாள். அதை விடவே இல்லை. பெருவிரல் பொத்தானில் தட்டுவது கொட்டில் முழுக்கக் கேட்டது.

எண் முக்கால்வாசி தாண்டிய நேரத்தில் வீதியில் யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டு போனார்கள். "நிவாரண லொறி வந்திட்டுது! சங்கக்கடைக்குக் கெதியா வாங்கோ!"

பாதிச் சனம் கரைந்தது. குறைசொல்ல முடியாது. மாவும் பருப்பும் பூச்சிக்காகக் காத்திருக்காது. மிதிக்க இருந்த இளந்தாரிகள் சாக்குகளோடு ஓடினார்கள். ரகுவும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

அவன் மிதித்தான், நான் மிதித்தேன், அவன் மிதித்தான். என் முறைதான் தொடக்கத்தில் சொன்னது. படம் வெற்றிலையாகச் சுருங்கிய இடம். நான் இறங்க, ரகு ஏறினான். கொஞ்சத்தில் அவனுடைய கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிளிலிருந்து சரிந்து விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நான் எழும்பப் பார்த்தேன். முழங்கால் மடிந்துவிட்டது.

பல்பு சிவந்தது. படம் புளியங்கொட்டை அளவு. அக்கா முகத்தைத் திரையில் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு விளையாடினாள். மிதி என்று இந்த முறை அவள் கத்தவில்லை.

அப்போது வாசலில் நின்ற சனத்தை விலத்திக்கொண்டு அம்மா வந்தார்.

அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அவர் ஏறப் பார்க்கவும் இல்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். பெடலை இரண்டு கையாலும் பிடித்தார். உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தார். முன்னுக்குச் சாய்ந்து தள்ளினார். மறுபடி இழுத்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு வாய்க்குள் மெல்ல, கரைவலை இழுக்கிறபோது எல்லோரும் சேர்ந்து போடுகிற அந்த ஏலேலோ வந்தது. சில்லு வேகம் பிடித்தது.

பல்பு மஞ்சளானது. படம் விரிந்தது.

"ஏலேலோ," என்றார் கனகலிங்கம் மாமா, தன்னையறியாமல். அவர் கடலில் கால் நனைத்தவரா என்பதே எனக்குச் சந்தேகம். வாசலில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வயற்காரர்கள் கூடி ஒரு வலையை இழுத்தார்கள்.

அக்கா திரும்பவில்லை. ஆனால் அவளுடைய முதுகு நிமிர்ந்தது.

ஒன்பதுகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பாட்டு நின்றுவிட்டது. பெடலின் கிறீச்சும் பொத்தானின் தட்டும்தான் கேட்டன. ஒரு பூச்சி தனியே பிரிந்து பாய்ந்தது. அக்கா சுட்டாள்.

எல்லாம் பூச்சியம்.

கனகலிங்கம் மாமாதான் கேட்டார். "என்ன பிள்ளை, எல்லாம் அழிஞ்சு போச்சோ?"

"எண்தான் மாமா போனது. கப்பல் நிக்குது, பாருங்கோ," என்றாள் அக்கா.

உண்மைதான். இரட்டைக் கப்பல் அப்படியே நின்றது. பூச்சிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. அவள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தாள். பிறகுதான் கைதட்டு எழுந்தது. சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டதாம்.

அம்மா மூச்சு வாங்கியபடி, "இன்னும் சுத்தவோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"காணும் அம்மா. விடுங்கோ."

அம்மா கையை விட்டார். படம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி அணைந்தது. அக்கா எழும்பி வந்து, சிவந்துபோன அம்மாவின் உள்ளங்கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

வவுனியாவில், நிறத்தோடு

அடுத்த ஆண்டு ரகுவுக்கும் அக்காவுக்கும் கலியாணம். கோயிலிலா, தேவாலயத்திலா என்று பெரியவர்கள் நிறையக் கதைத்து, கடைசியில் இரண்டிலும் செய்தார்கள். எனக்கு வவுனியாவில் ஒரு ரிவி திருத்தும் கடையில் வேலை கிடைத்தது.

புது நூற்றாண்டு பிறந்த பிறகு ஒரு முறை, கைக்குள் மிஞ்சியிருந்த சன்னத்தைக் காட்ட அக்கா வன்னியை விட்டு வெளியே போவதற்கான பாஸ் எடுத்து ரகுவோடு வவுனியாவுக்கு வந்தாள். அது அங்கேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடைத்தெருவில் இருந்த ஒரு ரிவி கேம் கடைக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். எங்கள் பூச்சிகள் புது உருவில் அங்கே வந்திருந்தன.

இந்த முறை கசற் இல்லை, சீடி. பெரிய கலர் ரிவி. பூச்சிகளுக்குச் சதையும் மேலோடும் பளபளப்பும் வந்திருந்தன. கப்பலுக்குப் பின்னால் நெருப்பு, கீழே கிரகங்கள், வானத்துக்கு ஆழம். ஒரு கதை வேறு. யாரோ பூமியைக் காப்பாற்றப் புறப்படுகிறார்கள்.

அக்கா கதிரையில் இருந்தாள். அந்த ஆழம் அவளைக் குழப்பியது. கெதியாகத் தோற்றாள். கடைக்காரன் தீபன் இருபது வயதைத் தாண்டாத நல்ல பெடியன். "பழக நாளெடுக்கும் அக்கா," என்றான்.

"இன்னொருக்கா," என்றாள்.

இரண்டாம் முறை கொஞ்ச நேரம் சுடாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல என்னிடம், "உடுப்புத்தான் புதுசு. வாற வழி பழைய வழிதான்," என்றாள். உண்மையிலேயே அதே மாலை, அதே சுற்று. மினுக்கத்துக்குள் ஒளிந்திருந்தது. அதன்பிறகு அவளை ஒன்றும் தொடவில்லை. கடையில் நின்ற பெடியங்கள் அவளுக்குப் பின்னால் வந்து கூடினார்கள்.

கடைசியில் மலை போன்ற ஒரு தாய்ப்பூச்சி வந்தது. அதையும் விழுத்தினாள். இசை எழுந்தது. ஆங்கிலத்தில் பெயர்கள் ஓடின.

"என்ன, முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது அக்கா! வெண்டிட்டியள்!"

அவளுடைய முகத்தில் ஏமாற்றம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. புதியதில் அழகு கூட. ஆனால் பழைய விளையாட்டுக்கு முடிவு இல்லை, உன்னால் ஏலுமட்டும் நில் என்று அது விட்டுவிடும். இது நேரம் வந்ததும் எழுப்பி அனுப்பிவிடுகிறது.

தீபனுடைய கடைச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அதிகம் எடுத்தவர்களின் பெயர்கள் அதில். எல்லாம் பெடியங்கள். அவன் சோக்கட்டியை எடுத்து, "அக்காவின்ர பேர்?" என்றான்.

"ஜெசி."

"ஊர்?"

"வட்டக்கச்சி."

அவனுடைய கை நின்றது. "அங்க கறண்ட் இல்லையே அக்கா. பிறகெங்க பழகினனீங்கள்?"

ரகு தொண்டையைச் செருமிக்கொண்டு கதை சொல்லத் தயாரானான். "பஸ் போகப்போகுது, வாங்கோ," என்று அக்கா அவனை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பலகையை எட்டிப் பார்ப்பேன். உச்சியில் ஜெசி அக்கா, வட்டக்கச்சி. மழைக்காலம் முழுக்க நின்றது. பிறகு ஒரு நாள் பெயர் மாறியிருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அக்கா மடியில் பிள்ளையை வைத்துச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

"ஆர்?" என்றாள்.

"பூவரசங்குளத்துப் பெட்டை ஒண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடுறாளாம்."

"பெட்டையோ?" அவளுடைய முகம் மலர்ந்தது. "எவ்வளவு கூட?"

"கனக்க இல்லை."

பிள்ளையைத் தூக்கி ரகுவின் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"இப்ப பாஸ் எடுக்க எத்தனை நாள் செல்லுது?" என்று கேட்டாள்.